நெய்யரியும் முகக்கவசமும்

மாணாக்கர்க்கு உவமை கூறப் புகுந்த நன்னூலார், நெய்யரியைக் கடைமாணாக்கர்க்கு உரியதாக வைத்தார். நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்ளும் பன்னாடை அது. பெருந்தொற்றுக்குப் பின் இப்பகுதியை நடத்தியபோது மாணவி ஒருத்தி எழுந்து, "முகக்கவசம் செய்ய வேண்டியதும் அதுதானே, அம்மா?" என்றாள். காற்றை விட்டு நோயைப் பிடிக்க வேண்டும் என்பது அவள் கருத்து. பிடித்ததா என்ற வினாவுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

1910ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவிற்று. அது வைரசால் வருவதன்று, பாக்டீரியாவால் வருவது. எனினும் மூச்சுவழிப் பரவலைத் துணியால் தடுக்கும் முயற்சி அங்கேதான் பெரிய அளவில் நடந்தது. பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற ஊ லியன் தே என்னும் இளம் மருத்துவர், நோய் மனிதரிடமிருந்து மனிதர்க்கு மூச்சுவழியே தொற்றுகிறது என்றார். பஞ்சை நடுவில் வைத்து மெல்லிய மருத்துவத் துணியால் சுற்றித் தலைக்குப் பின்னே கட்டும் கவசத்தை எல்லோரும் அணியச் செய்தார். அவரை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, கவசமின்றி ஹார்பின் நகர நோயாளிகளைப் பார்வையிட்டார். 1911 ஜனவரியில் அந்நோயாலேயே மாண்டார்.

உள்ளத்தை உலுக்கும் நிகழ்ச்சிதான். ஆனால் அதனைச் சான்றாகக் கொள்ளத் தயங்குகிறேன். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்ட அக்கொள்ளைநோய் ஓய்ந்ததற்கு நோயரைத் தனிமைப்படுத்தியதும், போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியதும், பிணங்களை எரித்ததும் காரணங்கள். கவசத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க இயலாது.

1918இல் இன்ஃபுளுயன்சா வந்தபோது சான்பிரான்சிஸ்கோ நகரம் கவசத்தைச் சட்டமாக்கியது. நவம்பர் 21 நண்பகலில் ஊதல்கள் ஒலிக்க மக்கள் கவசங்களைக் களைந்தனர். நோய் மீண்டும் தலைதூக்க, 1919 ஜனவரியில் சட்டமும் மீண்டது. அதனை எதிர்த்துக் கவச எதிர்ப்புக் கழகம் ஒன்றும் தோன்றிற்று. சட்டத்தில் கையொப்பமிட்ட நகரத் தந்தையே குத்துச்சண்டை அரங்கில் கவசமின்றி அமர்ந்து அபராதம் செலுத்தினார்!

இவ்வளவு ஆரவாரத்தினிடையே அமைதியாகச் சோதித்துப் பார்த்தவர் கலிஃபோர்னியா மாநிலச் சுகாதாரத் துறையின் கெல்லாக். 1920இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது. துணியின் மடிப்புகள் குறைந்தால் திவலைகள் ஊடுருவின; மடிப்புகளைக் கூட்டினால் மூச்சு விடுவது கடினமாகிக் காற்று துணியை விட்டு ஓரங்களின் வழியே நுழைந்தது. மக்களோ திறந்த தெருவில் கட்டிக்கொண்டு, அலுவலகத்தில் கழற்றி வைத்தனர். இன்ஃபுளுயன்சா வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது 1933இல்தான். எதைத் தடுக்கிறோம் என்று அறியாமலே ஓரத்தின் குற்றத்தை அவர் கண்டுகொண்டார்.

நெய்யரி உவமை இங்கே பாதிவழிதான் வருகிறது. கண்ணறையினும் பெரியதை மட்டுமே நெய்யரி பிடிக்கும். இன்றைய என்-95 கவசத்தின் நுண்ணிழைகள், மோதியும் மின்னேற்றத்தால் ஈர்க்கப்பட்டும் ஒட்டிக்கொள்ளும் துகள்களைப் பிடிப்பவை. ஆகவே கண்ணறையினும் சிறியனவும் தப்புவது அரிது. ஆனால் முகத்தோடு பொருந்தாவிடில் அதற்கும் கெல்லாக் கண்ட கதியே.

கோவிட் காலத்தில் வங்கதேசத்தின் 600 சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடந்தது. கவசம் அளித்து ஊக்குவித்த ஊர்களில் முறையாக அணிவோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாயினர். அறுவை மருத்துவக் கவசம் அளித்த ஊர்களில், அறிகுறியோடு உறுதியான தொற்று ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்தது. அறுபது வயதைக் கடந்தோரிடம் 35 விழுக்காடு. துணிக் கவசத்துக்குத் தெளிவான பயன் தெரியவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் அணியாத ஊர்களின் கணக்கு இது என்பதை, 11 என்னும் எண்ணைக் கேலி செய்தோர் பலர் கருதவில்லை.

இப்போதெல்லாம் நெய்யரியை நடத்தும் நாளில் ஓரத்தைப் பற்றியும் இரண்டு சொல் சேர்த்துக்கொள்கிறேன். பாடத்திட்டத்தில் அது இல்லை.