விடாமுயற்சியா, வீண் பிடிவாதமா?

விடாமுயற்சி எங்கே முடிகிறது? வீண் பிடிவாதம் எங்கே தொடங்குகிறது? இதற்கு விடை தேட மலேசியர்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை. ஷா ஆலம் வரை போனால் போதும்.

1983 மே மாதம் புரோட்டோன் நிறுவனம் பிறந்தது. அது பிரதமர் மகாதீரின் கனவு. தொழில்நுட்பம் ஜப்பானின் மிட்சுபிஷி தந்தது. 1985 ஜூலையில் ஷா ஆலம் ஆலையின் முதல் 'சாகா' கார் அறிமுகமானது. சாகா என்பது மஞ்சாடி மரத்தின் மலாய்ப் பெயர். அந்தச் சிவப்பு விதையை வைத்துத்தான் அந்நாளில் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்தார்கள். பெயர் பொருத்தமே! பின்னாளில் நாட்டின் பொன்னும் அதே தட்டில்தான் ஏறியது.

வெளிநாட்டுக் கார்களுக்குக் கடும் வரி, சாகாவுக்குச் சலுகை. 1980களின் இறுதியில் சந்தையில் பாதிக்கு மேல் புரோட்டோன் கையில். 'நாமும் கார் செய்கிறோம்' என்ற பெருமை நியாயமானதுதான். ஆனால் போட்டி இல்லாத வீட்டில் பிள்ளை செல்லமாகத்தான் வளரும். இறங்காத ஜன்னல் கண்ணாடி நாடறிந்த நகைச்சுவை ஆயிற்று. டோல் சாவடியில் கதவைத் திறந்து பணம் கட்டுபவர் புரோட்டோன்காரர் என்றார்கள். தகடு 'மைலோ டின்' என்றார்கள். சிரித்தவர்களே மாதத் தவணையும் கட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை.

2004 டிசம்பரில் இத்தாலியின் எம்.வி. அகுஸ்தா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் 57.75 விழுக்காட்டுப் பங்கை 7 கோடி யூரோவுக்கு புரோட்டோன் வாங்கியது. மறு டிசம்பரில் விற்ற விலை ஒரே ஒரு யூரோ! கடனும் சேர்ந்து கைமாறியது. ஆலோசகராக இருந்த மகாதீர் கொதித்தார், நாடு சிரித்தது. ஆனால் 2008இல் அதே நிறுவனத்தைப் பெருந்தொகைக்கு வாங்கிய ஹார்லி-டேவிட்சனும் 2010இல் நட்டத்தோடு கைகழுவியது. சிரிப்புக்கு ஆளான அந்த விற்பனைதான் சரியான முடிவோ என்னவோ.

தாய்நிறுவனத்தின் மீதான பிடியை விடத்தான் மனம் வரவில்லை. 2006இல் பெரோடுவா முந்தியது. 2007 நவம்பரில் வோல்க்ஸ்வேகனுடன் நடந்த பேச்சு முறிந்தது. 2016இல் விற்பனை ஏறக்குறைய 72,000 கார்களாகச் சரிந்தது. அதுவரை மானியம், விட்டுக்கொடுத்த வரி என்று 1,390 கோடி வெள்ளி போயிருந்ததாக அரசுத் தரப்பே கணக்குச் சொன்னது. அதே ஆண்டு மேலும் 150 கோடி வெள்ளி கடன்!

ஏன் இப்படி? 1976இல் அமெரிக்க ஆய்வாளர் பேரி ஸ்டா இதைச் சோதித்துப் பார்த்தார். நட்டம் வந்ததும், முதல் முடிவை எடுத்தவரே மேலும் அதிகப் பணம் போட்டார். நிறுத்தினால் முதல் முடிவே தவறென்று ஆகிவிடுமே! பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இழுத்து மூடுவதும் எளிதல்ல. ஆலைத் தொழிலாளர்களும் உதிரிபாகம் செய்து பிழைப்பவர்களும் எங்கே போவார்கள்? கடைசிக் கடனுக்கு அரசு ஒரு நிபந்தனை போட்டது: வெளிநாட்டுப் பங்காளியைத் தேடு. 2017இல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2019இல் விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கைவிட்டது காரை அல்ல, 'எல்லாம் எங்கள் கையிலேயே இருக்க வேண்டும்' என்ற பிடிவாதத்தை. அதற்கு 2007இலிருந்து பத்தாண்டு பிடித்தது.

ஆளே வராத ஆண்டு விழாவை அதே மண்டபத்தில் அதே தலைவரோடு நடத்திக்கொண்டிருக்கும் நம் சங்கங்களும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். போட்ட பணம் போனதுதான். இனிப் போடுவது வீணாகாமல் இருக்கிறதா என்பதே கேள்வி.