நொடியில் பத்தில் ஒரு பங்கும் பத்து லட்சம் பேரும்

1/ கோவிட் வந்த 2020-ல் அதுவரைக்கும் யாரும் பார்க்காத அளவு கணக்கு வேகம் எங்கே இருந்துச்சு தெரியுமா? அரசாங்க சூப்பர் கம்ப்யூட்டர்ல இல்லைங்க. சாதாரண மக்களோட வீட்டு கம்ப்யூட்டர்கள்ல. அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

2/ முதல்ல சிக்கல் என்னன்னு பார்ப்போம். புரதம் சும்மா இருக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். அதைக் கம்ப்யூட்டர்ல பார்க்கணும்னா ஒவ்வொரு அணுவும் அடுத்து எங்கே நகரும்னு கணக்குப் போடணும். ஒரு அடிக்கு சுமார் 2 ஃபெம்டோ செகண்ட். ஒரு ஃபெம்டோ செகண்டை ஒரு செகண்டா நீட்டினா, நிஜமான ஒரு செகண்ட் 3 கோடி வருஷத்தைத் தாண்டும்!

3/ "பல சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பிரிச்சுக் கொடுக்கலாமே?" நல்ல கேள்வி. 1995-ல் சான் டியாகோ மாநாட்டுக்காக, வட அமெரிக்காவின் 17 மையங்களை அதிவேக நெட்வொர்க்கில் இணைச்சாங்க. பேரு ஐ-வே. கிரிட் கம்ப்யூட்டிங்குக்கு அதுதான் பெரிய முன்னோட்டம்.

4/ ஆனா தூரம் இடிக்கும். ஃபைபர்ல 4,000 கிலோமீட்டர் போக ஒளிக்கே 20 மில்லி செகண்ட் ஆகும். அதுக்குள்ள ஒரு ப்ராசஸர் கோடிக்கணக்கான கணக்கை முடிச்சிருக்கும். ஒவ்வொரு அடியிலும் பக்கத்து அணு எங்கேன்னு கேட்டுத்தான் நகரணும்னா, காத்திருந்தே காலம் போயிடும். முதல் அடி முடியாம ரெண்டாவது அடியும் இல்ல.

5/ 2000 அக்டோபர்ல ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே குழு ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தைத் தொடங்குச்சு. ஒரே நீளமான கணக்குக்குப் பதிலா ஆயிரக்கணக்கான குட்டிக் கணக்குகள். ஒன்றுக்கொன்று பேசவே வேண்டாம்.

6/ அது எப்படி முழுப் படம் தரும்? எங்க ஓபி மாதிரி யோசிங்க. கொழுப்புக் கல்லீரல் சிரோசிஸ் ஆகுறதைப் பார்க்க ஒரே ஆளை 20 வருஷம் பின்தொடரணும்னு இல்ல. வெவ்வேறு கட்டத்துல இருக்கிற நிறைய பேரைக் கொஞ்ச காலம் கவனிச்சு, யார் எந்தக் கட்டத்துக்கு நகர்றாங்கன்னு எண்ணினா, துண்டுகளை ஒட்டி முழு நோயின் போக்கையும் சொல்லலாம். கணக்குல இதுக்குப் பேர் மார்க்கோவ் மாதிரி.

7/ 2020 மார்ச். கிரெக் போமன் தலைமையில திட்டம் கொரோனா புரதங்கள் பக்கம் திரும்புச்சு. சுமார் 30,000 பேர் இருந்த இடத்துல லட்சக்கணக்கானவங்க சேர்ந்தாங்க. வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டுச்சு. அதாவது நொடிக்கு நூறு கோடி பெருக்கல் நூறு கோடி கணக்கு. அன்னைக்கு முதலிடத்துல இருந்த சம்மிட் சூப்பர் கம்ப்யூட்டரை விடப் பல மடங்கு.

8/ பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவங்க சேர்ந்து கிடைச்சது மொத்தம் 0.1 செகண்ட் புரத அசைவு. ஆனா அதுக்குள்ள, ஸ்பைக் புரதம் செல்லைப் பிடிக்க எவ்வளவு அகலமா வாயைத் திறக்குதுன்னு தெரிஞ்சது. மருந்து போய் ஒட்ட வாய்ப்பிருக்கிற 50-க்கும் மேற்பட்ட மறைவான குழிகளும் தெரிஞ்சது.

9/ "கம்ப்யூட்டரே கோவிட் மருந்து கண்டுபிடிச்சிருச்சு"ன்னு ஃபார்வர்டு வந்தா நம்பாதீங்க. குழி தெரியுறது வேற, மருந்து கைக்கு வர்றது வேற. எல்லாக் கணக்கையும் இப்படிப் பிரிக்கவும் முடியாது. வானிலைக் கணிப்புல பக்கத்து ஊர்க் காற்று தெரியாம உங்க ஊர்க் காற்றைச் சொல்ல முடியாது. அதனால அது இன்னும் ஒரே கூரைக்கடியில்தான் பெரும்பாலும் நடக்குது.

10/ பிரிக்க முடிஞ்ச கணக்குக்கோ, தெரியாத யாரோ தன் வீட்டு கரண்ட் பில்லைக் கட்டி உதவினாங்க. முடிவுகளை எல்லாருக்கும் இலவசமா திறந்தும் வச்சாங்க. பெருந்தொற்று காலத்துல இதுவும் நடந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்குவோம்.