மெட்ராஸ் முறையும் பெங்களூர்த் திட்டமும்: தொடக்க ஆங்கிலத்தின் இரண்டு வகுப்பறைகள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் காதையும் வாயையும் பழக்க வேண்டும் என்ற நம்பிக்கையோடு, இருபது ஆண்டு இடைவெளியில் தென்னிந்தியப் பள்ளிகளில் இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. முதலாவது 1959-இல் மெட்ராஸ் மாநிலத்தில் தொடங்கியது. தொடக்கநிலை மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு, பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, புதிய வாய்மொழி முறையில் பயிற்சி கொடுக்கும் முயற்சி அது. முதலில் சிலர் பயில்வார்கள். அவர்கள் தத்தம் மாவட்டங்களில் பலருக்குப் பயிற்றுவிப்பார்கள். உருள உருளப் பெருகும் பனிப்பந்து போன்ற திட்டம் என்பதால் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்று பெயர் வந்தது. இரண்டாவது, என்.எஸ்.பிரபு முன்னின்று 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம். பெயரில் பெங்களூர் இருந்தாலும் சென்னையிலும் கடலூரிலும்கூட அதன் வகுப்புகள் நடந்தன.

இரண்டையும் ஒப்பிடும்போது வழக்கமாகப் பழையது, புதியது என்று பிரித்து, பழையதைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெங்களூர் வகுப்பில்தான் குழந்தை உண்மையில் ஆங்கிலத்தைக் கேட்டது என்று நான் நம்புகிறேன். ஆனால் நம் ஊர் ஆசிரியரின் நிலையை அறிந்து அமைக்கப்பட்டது மெட்ராஸ் முறைதான்.

மெட்ராஸ் முறையின் அடிப்படை, வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது நோக்கி வரிசைப்படுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பழக்குவது. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி “திஸ் இஸ் எ புக்” என்பார். கதவை நோக்கி நடந்துகொண்டே “ஐ ஆம் கோயிங் டு தி டோர்” என்பார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். பிறகு கரும்பலகையில் கட்டம் கட்டி, ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பொருத்தி, பத்து இருபது வாக்கியங்கள் சொல்ல வைப்பார். பிழை வந்தால் உடனே திருத்துவார். மொழி என்பது பழக்கம், தவறான பழக்கம் ஒட்டிக்கொள்ளவே கூடாது என்பது அதன் பின்னிருந்த கோட்பாடு.

இந்த முறைக்கு இரண்டு பெரிய நன்மைகள் உண்டு. ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஐம்பது வாய்களும் திறக்கும். கூச்சமுள்ள பிள்ளையும் கூட்டத்தின் குரலுக்குள் நின்று ஆங்கில ஒலிகளை நாவில் பழகிக்கொள்ளும். அடுத்தது, ஆசிரியருக்குச் சரளமான ஆங்கிலம் தேவையில்லை. அன்றைய பாடத்தின் சில வாக்கியங்களைப் பிழையின்றிச் சொல்லத் தெரிந்தால் போதும். தமிழ்வழியில் படித்து வந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வைத்து ஒரு மாநிலமே பாடம் நடத்த வேண்டியிருந்தபோது, இது சாதாரண விஷயமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மேசைமேல் இருப்பது புத்தகம் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அதை ஆங்கிலத்தில் சொல்லி யாருக்கும் எதையும் புதிதாகத் தெரிவிக்கப்போவதில்லை. வாய் உழைக்கிறது, காதுக்கு வேலையே இல்லை. பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கவனிக்காமலே அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிடலாம்.

பிரபுவின் அதிருப்தி இங்கேதான் தொடங்கியது. அவர் வாக்கிய அமைப்புப் பட்டியலையே எடுத்துவிட்டார். பாடத்திட்டத்தில் இலக்கணத்தின் இடத்தில் ‘டாஸ்க்’ வந்தது: ரயில் கால அட்டவணை, வகுப்புக் கால அட்டவணை, தெருவின் வரைபடம், வயதுக் கணக்கு. ஒரு வகுப்பை இப்படி வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ரயில் நேரங்களைப் பலகையில் எழுதுகிறார். எது முதலில் கிளம்புகிறது, எது சீக்கிரம் போய்ச் சேருகிறது, பதினொரு மணிக்கு விழுப்புரத்தில் இருக்க வேண்டியவர் எதில் ஏற வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். இது முன்னோட்டம். அதன்பின் அதே வகைக் கணக்கு ஒன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். “எய்ட் தர்ட்டி” என்று இரண்டு சொல்லில் பதில் வந்தாலும் சரியே. முழு வாக்கியத்தை ஆசிரியர் இயல்பாகத் தன் வாயால் சொல்லிக் கடந்துபோவார். நிறுத்தி வைத்து இலக்கணம் திருத்துவது கிடையாது. வகுப்பில் பாதிப் பேராவது பாதியளவாவது சரியாகச் செய்தால் அந்த டாஸ்க் தகுந்தது என்பது பிரபுவின் அளவுகோல்.

இன்றைய பயிற்சி வகுப்புகளில் இவர் பெயரைச் சொல்லிக்கொண்டே, பிள்ளைகளை இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் உட்கார வைத்துப் பேசவிடச் சொல்கிறார்கள். பிரபுவோ குழுப்பேச்சை விரும்பியவரல்லர். ஒரே அளவு அரைகுறை ஆங்கிலம் உள்ளவர்கள் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டால் அந்த அரைகுறைதான் உறுதிப்படும் என்று கருதினார். ஒருவரிடம் உள்ள தகவலை இன்னொருவர் கேட்டுப் பெறுவது, தெரிந்த தகவலிலிருந்து யோசித்து முடிவுக்கு வருவது, சொந்தக் கருத்தைச் சொல்வது என்று மூவகைப் பயிற்சிகளைப் பிரித்துக் காட்டியவர், நடுவிலுள்ளதையே அதிகம் நம்பினார். யோசிக்கும் பிள்ளை கேட்டதை மனத்தில் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். பொருள் புரியாமல் விடை வராது. தொடக்கநிலைக்கு இதைவிட நல்ல கேட்டல் பயிற்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

திட்டத்தின் முடிவில் ஆய்வாளர்களான ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் நான்கு பள்ளிகளில், வாக்கிய அமைப்பு முறையில் படித்த வகுப்புகளுக்கும் டாஸ்க் முறையில் படித்த வகுப்புகளுக்கும் தேர்வு வைத்தார்கள். முடிவுகள் 1985-இல் வெளிவந்தன. அமைப்புகளைச் சோதித்த தேர்வில் அமைப்பு வகுப்பும், டாஸ்க் தேர்வில் டாஸ்க் வகுப்பும் முந்தியதில் வியப்பில்லை. எந்தப் பக்கமும் சாராத தேர்வுகளில் மொத்தத்தில் பிரபுவின் வகுப்புகளே மேலாக இருந்தன. இலக்கணம் தனியே கற்பிக்கப்படாத பிள்ளைகள், சூழலில் வைத்துக் கேட்ட இலக்கணத்திலும் பின்தங்கவில்லை. ஆனால் வகுப்புகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. முறையின் பலன் எவ்வளவு, ஆசிரியரின் பலன் எவ்வளவு என்று அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

ஆசிரியர்தான் இந்த ஒப்பீட்டின் மையம். பின்னர் பெரெட்டா திட்ட ஆசிரியர்களின் அனுபவங்களைத் தனியே ஆராய்ந்தபோது, பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்களுக்கு அந்த முறை பெரும்பாலும் கைவரவில்லை என்று கண்டார். காரணம் எளிது. பிள்ளை எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தக் கணத்தில் ஆங்கிலத்தில் எதிர்வினை செய்ய வேண்டும். முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ள வழியில்லை. தன் ஆங்கிலம் வகுப்பின் முன் தடுமாறுமோ என்று அஞ்சும் ஆசிரியர் பத்து நிமிடத்தில் தமிழுக்கு மாறிவிடுவார், அல்லது கூட்டாகத் திருப்பிச் சொல்லவைக்கப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தப் பற்றுக்கோடும் கொடுக்காமல் அவரை அந்த இடத்தில் நிறுத்துவதுதான் தவறு.

பற்றுக்கோடு மெட்ராஸ் முறையில் இருக்கிறது. பிரபுவின் டாஸ்க்கை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஆசிரியர் பேசவேண்டியதை மட்டும் பழைய முறைப்படி சில வாக்கியங்களுக்குள் அடக்கிவிடலாம். பலகையில் ஊர் வரைபடம்: பேருந்து நிலையம், கோயில், ரேஷன் கடை, நூலகம், பள்ளி. பிள்ளைகள் அதை நோட்டில் வரைந்து, பேருந்து நிலையத்தின்மேல் விரலை வைக்கிறார்கள். “கோ ஸ்ட்ரெய்ட்”, “டர்ன் லெஃப்ட்”, “டர்ன் ரைட்”, “கோ பாஸ்ட் தி டெம்பிள்”, “ஸ்டாப்”, “வேர் ஆர் யூ?” முந்தைய நாளே சொல்லிப் பார்த்துக்கொள்ள இந்த ஆறு போதும். ஒவ்வொரு பிள்ளையும் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் விரல் நகர வேண்டும். யார் தவறிப் போனார் என்பதை ஆசிரியர் நடந்துகொண்டே கண்ணால் பார்த்துவிடலாம். பேசத் தயாராகாத பிள்ளைக்கும் விரலால் பதில் சொல்ல இடமிருக்கிறது. ஒரே வாக்கியம் ஒரு வகுப்பில் பல முறை காதில் விழுகிறது, ஒவ்வொரு முறையும் வேறொரு தெருமுனைக்காக.

சில நாள் கழித்து, வழிசொல்லும் வேலையை ஒரு பிள்ளையிடம் கொடுக்கலாம். அரைகுறை ஆங்கிலம் பரவுமே என்ற பிரபுவின் எச்சரிக்கை இங்கே பொருந்தும். அதனால் அந்தப் பிள்ளையும் அதே ஆறு வாக்கியங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். லெஃப்டுக்குப் பதில் ரைட் என்று சொல்லிவிட்டால், நூலகத்துக்குப் போக வேண்டிய வகுப்பு முழுவதும் ரேஷன் கடையில் போய் நிற்கும். ஆசிரியர் திருத்துவதற்கு முன்பே அந்தப் பிள்ளை “நோ, நோ, டர்ன் லெஃப்ட்” என்று தானே மாற்றிச் சொல்லும்.