பழையாற்றுப் படுகையின் மணற்பாங்கு மண்: துகள் பருமனுக்கு அப்பால் மூன்று கேள்விகள்

முன்னுரை

மண்ணை மணல், வண்டல், களி என்று துகளின் பருமனால் வகுப்பது மண்ணியலின் முதற்பாடம். ஆற்றுப் படுகைக்கு அந்தப் பாடம் போதாது. ஆய்வக அறிக்கையில் ‘மணற்பாங்கு’ என்று ஒரே பெயர் பெறும் இரு நிலங்களில் ஒன்று சுண்ணாம்பு சேர்ந்து காரத்தன்மையோடும், மற்றொன்று சத்துகள் கழுவப்பட்டு அமிலத்தன்மையோடும் இருக்கக்கூடும். இரண்டுக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது.

வெள்ளப் படுகை மண்ணை அறிய மூன்று கேள்விகள் தேவை. மணலுக்கு அடியில் என்ன அடுக்கு உள்ளது? மண்ணுக்குள் நீர் மேலேறுகிறதா, கீழிறங்குகிறதா? இழந்த மென்துகளுக்கு ஈடாக எது வந்து சேர்கிறது? கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டின் பழையாற்றுப் படுகையை முதன்மைக் களமாகவும், குளிரும் வறட்சியும் கூடிய லடாக்கின் சிந்துப் படுகையை ஒப்பீடாகவும் கொண்டு, இன்று நாஞ்சில் நாட்டு மண்ணின் நிலையைத் தீர்மானிப்பது மூன்றாவது கேள்வியே என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

படிவின் ஒழுங்கு

மகேந்திரகிரியைச் சார்ந்த மலைத்தொடரில் தோன்றும் பழையாறு பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைச் சேர்கிறது. ஓட்டம் குறுகியது. செங்குத்தான சரிவிலிருந்து திடீரெனச் சமவெளியில் நுழைவதால் வேகம் சட்டென்று குறைகிறது. நீரில் மிதக்கும் நுண்துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் இருபடிக்கு ஏற்ப அமையும் என்பது ஸ்டோக்ஸ் விதி. 0.05 மி.மீ. மணற்பரல் 0.002 மி.மீ. களித்துகளைவிட விட்டத்தில் 25 மடங்கு பெரியது. ஆகவே 625 மடங்கு விரைவாகப் படியும். கரை மீறும் வெள்ளம் மணலைக் கரையோரத்திலேயே இறக்கிவிட்டு, களியைத் தள்ளியுள்ள பள்ளங்களுக்குக் கொண்டு போகிறது. கரையோர மேட்டில் தென்னையும் வாழையும், உள்ளடங்கிய தாழ்வில் நெல்வயலும் குளமும் என்ற நில அமைப்புக்கு இந்தப் பிரிவினை இயற்கை அடித்தளம்.

ஒவ்வொரு வெள்ளமும் முந்தைய தரையின் மேல் புதிய படிவைப் போர்த்துகிறது. வேகமான வெள்ளம் மணலையும் தணிந்த வெள்ளம் களியையும் விட்டுச் செல்வதால் மண் ஏடு ஏடாக அமைகிறது. முதிர்ந்த மண்ணில் கரிமச்சத்து ஆழம் கூடக் கூடச் சீராகக் குறையும். ஆற்றுப் படிவு மண்ணில் புதையுண்ட பழைய மேற்பரப்புகள் இருப்பதால் அது ஏறி இறங்கும். அமெரிக்க மண் வகைப்பாடு ‘ஃபுளூவென்ட்’ என்ற உள்வரிசையை வரையறுக்க இந்த ஒழுங்கின்மையை அடையாளமாகக் கொள்கிறது.

நடைமுறையில் மண் மாதிரி பெரும்பாலும் 15 செ.மீ. உழவு ஆழத்தில் எடுக்கப்படுகிறது. அரை மீட்டருக்குக் கீழே ஒரு களி ஏடு இருந்தால் அது நீரைத் தாங்கி நிறுத்தும். இல்லையென்றால் நீர் நில்லாமல் இறங்கிவிடும். மேல்மண் ஒன்றாக இருக்கும் இரு வயல்கள் பாசனத்தில் வேறுபடும் காரணம் மேல்மண் அறிக்கையில் தெரியாது.

குளிர்வறள் படுகையும் வெப்ப ஈரப் படுகையும்

ஹான்ஸ் ஜென்னி 1941இல் மண் உருவாகும் காரணிகளாகத் தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, மூலப்பாறை, காலம் ஆகிய ஐந்தை முன்வைத்தார். படுகை மண் இளமையானது என்பதால் காலத்தின் பங்கு இரு களங்களிலும் சிறிது. தட்பவெப்பம் நேரெதிர்.

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரில் ஆண்டு மழை 100 மி.மீ. அளவே. உறைபனி பாறையை உடைக்கிறது. வேதிச்சிதைவு மிக மெதுவாகவே நடக்கிறது. கருங்கல்லின் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் அதிகம் சிதையாமல் மணலில் தங்குகின்றன. ஆவியாதல் மழையை விஞ்சுவதால் ஈரம் மேலேறி உப்பையும் சுண்ணாம்பையும் மேற்பரப்பருகே விட்டுச் செல்கிறது. செடிகொடி குறைவு, கரிமச்சத்தும் குறைவு.

நாஞ்சில் நாட்டில் சார்னோக்கைட், கோண்டலைட் பாறைகளிலிருந்து வந்த மணல் ஆண்டு முழுவதும் வெப்பத்தில் கிடக்கிறது. இரு பருவமழையும் அதை நனைக்கின்றன. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகும் என்பது பொதுவிதி. இரு இடங்களின் ஆண்டுச் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 20 பாகை. ஆகவே வெப்பத்தால் மட்டுமே நான்கு மடங்குக்குக் குறையாத வேறுபாடு எதிர்பார்க்கத்தக்கது. ஃபெல்ட்ஸ்பார் கயோலினைட்டாகிறது, குவார்ட்ஸ் எஞ்சுகிறது, கால்சியமும் மக்னீசியமும் கழுவப்பட்டு மண் அமிலத்தை நோக்கிச் சாய்கிறது. கயோலினைட் சத்து அயனிகளைப் பற்றும் திறன் குறைந்த களி. எனவே இருக்கும் சிறு களியும் அதிகம் உதவுவதில்லை.

இத்தனை வேற்றுமைக்கிடையே இரு மண்ணுக்கும் பொதுவான குறை நீரைப் பிடித்துவைக்க முடியாமை. உலக உணவு வேளாண் நிறுவனத்தின் பாசனக் கையேடு, ஒரு மீட்டர் ஆழ மண்ணில் பயிருக்குக் கிட்டும் நீரை மணலில் 25 முதல் 100 மி.மீ. என்றும், களியில் 175 முதல் 250 மி.மீ. என்றும் தருகிறது. தட்பவெப்பம் மண்ணின் வேதியியலைத் திருப்பும்; துகள் பருமன் அதன் நீர்க் கொள்ளளவுக்கு எல்லை போடும்.

நீர் தேங்கிய வயல்

நெல் வயலில் இந்த வேதியியல் மறுபடி மாறுகிறது. இலங்கையைச் சேர்ந்த மண்ணியலாளர் எஃப். என். பொன்னம்பெருமா 1972இல் வெளியிட்ட ஆய்வுரை, நீர் தேங்கும்போது அமில மண்ணின் கார அமில நிலை உயர்ந்தும், கார மண்ணினது தாழ்ந்தும் நடுநிலையை நெருங்குவதை விளக்கியது. ஆக்சிஜன் அற்ற சூழலில் இரும்பு ஒடுக்கப்படுவதே அமில மண்ணில் இதற்கு முக்கியக் காரணம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இருபோக நெல்லுக்கு நாஞ்சில் நாட்டு அமில மண் இடம் கொடுப்பதில் இந்த மாற்றத்துக்குப் பங்குண்டு.

ஆனால் வினைபடும் இரும்பும் கரிமச்சத்தும் குறைந்த மண்ணில் இம்மாற்றம் முழுமை பெறுவதில்லை. மணல் மிகுந்த வயலின் நிலை அதுவே. வயலைச் சேறாக்கித் தொளி கலக்கும்போது களி பரவி நீரிறங்கும் துளைகளை அடைக்க வேண்டும். களி இல்லாத இடத்தில் தொளி நிற்பதில்லை. பாய்ச்சிய நீரோடு நைட்ரேட்டும் இறங்கிவிடும். ஆகவே நெல்லுக்குத் தேவையான குறைந்த அளவு மென்துகளை எங்கிருந்து பெறுவது என்பதில் கேள்வி வந்து நிற்கிறது.

அணை நிறுத்திய வண்டல்

பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. பெருஞ்சாணி அணை 1950களில் சேர்ந்தது. இவற்றின் நீர் புத்தன் அணையிலிருந்து தோவாளை, அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு முதலிய சானல்கள் வழியாக வயலை அடைகிறது. வறட்சியிலிருந்து மண்ணைக் காத்ததில் இதன் பெருமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் நீர்த்தேக்கத்தில் ஓட்டம் நிற்கும்போது மணல் முழுவதும் வண்டலில் பெரும்பகுதியும் அங்கேயே படிகின்றன. அணைக்கு முன் ஆற்று நீரோடு வந்த மென்துகளின் வரத்து இப்போது மெலிந்துவிட்டது. கழுவப்படுதல் தொடர, ஈடு குறைகிறது.

உரமும் சொட்டுநீரும் இந்தக் குறையை நிரப்பாவா என்று கேட்கலாம். உரம் சத்தைத் தரும். சத்தைப் பற்றிவைக்கும் பரப்பைத் தராது. சொட்டுநீர் தென்னைக்கும் வாழைக்கும் பொருந்தும். தேங்கிய நீரில் வளரும் நெல்லுக்கு அது விடையாகாது. லடாக்கின் உழவர்கள் பனியுருகு நீரை வாய்க்காலில் கொணர்வதோடு நிற்காமல், உலர் கழிப்பறை எருவை ஆண்டுதோறும் வயலில் இட்டு மண்ணை உருவாக்கி வந்தனர். மணலுக்கு நீரோடு உடலும் சேர்க்க வேண்டும் என்பதே அந்த நடைமுறையின் உட்பொருள்.

நாஞ்சில் நாட்டில் அந்த உடல் குளங்களில் கிடக்கிறது. மழைவெள்ளம் கொணரும் களி இன்றும் குளத்தடியில் சேர்கிறது. வேளாண்மைக்காகக் குளத்து வண்டலைக் கட்டணமின்றி எடுக்க 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் எல்லா வண்டலும் ஒன்றல்ல: மணக்குடிக் கழிமுகத்தை அண்டிய குளங்களில் உப்பைச் சோதித்தபின்பே எடுக்க வேண்டும். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தில் வலசைப் பறவைகள் வரும் மாதங்களைத் தவிர்க்க வேண்டும்.

முடிவுரை

பழையாற்றுப் படுகையின் மணற்பாங்கு மண்ணை வளமற்ற மண் என்று ஒரே வகையில் அடக்குவது தவறு. கரையோர மேட்டுக்குத் தென்னையும் வாழையும் தகும். அங்கே உரத்தைப் பலமுறை பிரித்திடுவதே வழி. தாழ்வான வயல்களை மண்ணடித்து மேடாக்குவது, வெள்ளம் நெடுங்காலம் தேர்ந்து சேர்த்த களியைப் புதைப்பதாகும். இடைப்பட்ட மணல் வயல்களுக்கு ஒரு மீட்டர் ஆழம் வரை அடுக்கு ஆய்வும், அதற்கேற்ற வண்டல் இடுதலும் வேண்டும். குளம் தூர்வாருதலை நீர்க் கொள்ளளவுக்கான பொதுப்பணியாக மட்டும் கணக்கிடாமல், வாரிய வண்டல் எந்த வயலுக்குப் போகிறது என்பதையும் திட்டத்தில் எழுதினால், அணை நிறுத்திய வண்டலில் ஒரு பகுதிக்காவது மண்ணுக்கு ஈடு தரலாம்.