வாய்க்கால் வளர்த்த கீரப்பாளையம்

தில்லை மூதூரினின்று சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது கீரப்பாளையம். இச்சிற்றூரின் செல்வம் யாதெனின், வாய்க்கால் நீரே என்க.

சிற்றம்பலத்திற்குப் பொன்வேய்ந்த முதற் பராந்தக சோழன் (907–955) வீரநாராயணன் என்னும் விருதுப்பெயர் உடையவன். அப்பெயர் பெற்ற ஏரியே மக்கள் நாவில் வீராணம் ஆயிற்று. அவன் மைந்தன் இராசாதித்தன் தன் படைவீரரைக் கொண்டு அதனை வெட்டுவித்தான் என்பது வழிவழிச் செய்தி. 949-இல் தக்கோலப் போரில் அவன் மாண்டான்; சோழப் பேரரசும் பின்னாளில் மறைந்தது; ஏரியோ இன்றும் நிற்கின்றது.

1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தது. அங்கிருந்து வரும் வடவாறு ஏரியை நிரப்புகின்றது. ஏரியின் மதகுகளும், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டினின்று பிரியும் வெள்ளாற்று இராசன் வாய்க்காலும் இவ்வட்டார நன்செய்களுக்கு உயிரூட்டுகின்றன. 2004 முதல் சென்னை மாநகரும் வீராணத்து நீரைப் பருகுகின்றது.

ஆயினும், வெள்ளந்தோறும் வந்து படியும் வண்டல் ஏரியின் கொள்ளளவைக் குறைக்கின்றது, வாய்க்காலும் தூர்ந்துபோகின்றது. நீர் குன்றின் நெல் குன்றும். நெல் குன்றின் திருவமுது குன்றும். ஆதலின், கோபுரத் திருப்பணிக்குப் பொருள் ஈந்த மெய்யன்பர்கள், வாய்க்காலைத் தூர்வாருதலையும் சிவப்பணியாகவே கொள்ளல் வேண்டும். குடமுழுக்கிற்குக் கும்பத்தில் நிறைவதும் நீரே அன்றோ?

திருச்சிற்றம்பலம்.