துளைகளின் கணக்கு: எக்மோ வடிகுழாய் வடிவமைப்பில் பாதுகாப்பை எதைக்கொண்டு அளப்பது?

இதயமோ நுரையீரலோ செயலிழந்த நோயாளிக்கு எக்மோ பொருத்தும்போது, அவர் உடலிலிருந்து நிமிடத்துக்கு 4 முதல் 5 லிட்டர் இரத்தம் வெளியே எடுக்கப்படுகிறது. செயற்கை நுரையீரலில் ஆக்சிஜன் ஏறிய பின் அது மீண்டும் உடலுக்குள் செலுத்தப்படுகிறது. இந்தச் சுற்றின் பெரும்பகுதி அரை நூற்றாண்டில் மாறிவிட்டது. உருளைப் பம்புகளின் இடத்துக்கு மையவிலக்குப் பம்புகளும், சிலிக்கோன் சவ்வுகளின் இடத்துக்குப் பாலிமீத்தைல்பென்டீன் நுண்ணிழைகளும் வந்துள்ளன. சிரையிலிருந்து இரத்தத்தை எடுக்கும் வடிகுழாய் மட்டும், நுனியிலும் பக்கங்களிலும் துளையிட்டுக் கம்பிச்சுருளால் வலுவூட்டிய பாலியூரித்தேன் குழாயாகவே பெரும்பாலும் தொடர்கிறது. குறைந்த அழுத்த வீழ்ச்சியில் எவ்வளவு இரத்தத்தை எடுக்கும் என்பதை வைத்தே அதன் தரம் மதிப்பிடப்படுகிறது. இந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தத் துளை எவ்வளவு எடுக்கிறது, எந்தச் சிரையிலிருந்து எடுக்கிறது, எங்கே இரத்தம் தேங்குகிறது என்பவையும் பாதுகாப்பின் அளவுகளாக ஏற்கப்பட வேண்டும்.

அகலம் என்னும் அளவுகோல்

குழாய்களின் அளவைக் குறிக்க இன்றும் வழங்கும் பிரெஞ்சு அளவு, 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த கருவி வினைஞர் சாரியேர் வகுத்தது. அதன்படி 3 பிரெஞ்சு என்பது 1 மி.மீ. புறவிட்டம். உள்விட்டம், நீளம், துளைகளின் அமைப்பு ஆகியவை பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை. ஒரே பிரெஞ்சு அளவுள்ள இரு குழாய்கள் வேறுவேறு அழுத்த வீழ்ச்சியைக் காட்டக் காரணம் இதுவே. இக்குறையைத் தீர்க்க மொன்டோயா, மெர்ஸ், பார்ட்லெட் ஆகியோர் 1991இல் எம்-எண் என்ற அளவை முன்வைத்தனர். குழாயின் வடிவம் முழுவதன் விளைவையும் ஒரே எண்ணில் அடக்கியது அதன் சிறப்பு. ஆனால் அதுவும் குழாயை மொத்தமாக எடுத்துக்கொண்டு, ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை மட்டுமே சொல்கிறது. குழாயின் உள்ளே நடப்பது அதில் தெரிவதில்லை.

குழாயின் உள்ளே

பெரியவர்களுக்குப் பொருத்தும் 25 பிரெஞ்சுக் குழாயின் உள்விட்டத்தை 7.3 மி.மீ. என்று கொள்வோம். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடும்போது, எல்லாத் துளைகளையும் தாண்டிய இடத்தில் இரத்தத்தின் சராசரி வேகம் நொடிக்கு 2 மீட்டர். ரெனால்ட்ஸ் எண் 4,000ஐத் தாண்டுகிறது. அதாவது ஓட்டம் சீரானதாக இராது. ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பற்றிய பாய்சொய் விதியை இங்கு அப்படியே பொருத்துவது பிழை.

ஏறத்தாழ ஓய்வில் இருக்கும் சிரை இரத்தத்தை இந்த வேகத்துக்குக் கொண்டுவருவதற்கு மட்டுமே 16 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் செலவாகிறது. உராய்வும் துளைகளில் ஏற்படும் இழப்பும் இதற்கு மேல். பெருஞ்சிரையின் இயல்பான அழுத்தமோ 10 மி.மீ. பாதரசத்தைப் பெரிதும் தாண்டாதது. ஆகவே குழாயின் உள்ளே, பம்புப் பக்கத்துத் துளைகளருகே உறிஞ்சல் மிகுந்தும் நுனியருகே குறைந்தும் இருக்கும். சொட்டுநீர்க் குழாயில் மோட்டாருக்கு அருகிலுள்ள செடி கூடுதல் நீர் பெற, கடைசிச் செடி வாடுவது போன்ற நிலை இது. ஸ்டாக்ஹோமில் கே.டி.எச். தொழில்நுட்பக் கழகமும் கரோலின்ஸ்கா மருத்துவமனையின் எக்மோ மையமும் இணைந்து நடத்திய ஆய்வுகளும், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வுகளும் பம்புப் பக்கத்துத் துளைகளே இரத்தத்தின் பெரும்பங்கை எடுப்பதைக் காட்டியுள்ளன.

துளைகளைக் கூட்டினால் நிலை சீராகும் என்று தோன்றலாம். கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. மேற்சொன்ன குழாயின் உட்பரப்பு 42 சதுர மி.மீ.; 2 மி.மீ. விட்டமுள்ள துளைகள் 13 அல்லது 14 சேர்ந்தாலே அந்தப் பரப்பு வந்துவிடும். அதற்கு மேல் எல்லாத் துளைகளையும் ஒரே அளவில் கூட்டினால், முதல் சில வரிசைகளே முழு ஓட்டத்தையும் ஏற்றுக்கொள்ளும். நுனிப்பக்கத் துளைகள் பெயருக்குத்தான் இருக்கும்.

இரு முனையிலும் சேதம்

இந்தச் சமனின்மை இரத்தத்தை இருவகையில் கெடுக்கிறது. அதிகம் எடுக்கும் துளைகளின் விளிம்பில் சறுக்குப் பெயர்ச்சி வீதம் உயர்கிறது. அது நொடிக்கு 5,000 என்ற அளவை எட்டும்போது வான் வில்லபிராண்ட் காரணி விரிந்து தட்டணுக்களைப் பற்றத் தொடங்குகிறது; சிவப்பணுக்கள் சிதைவதற்கு இதைவிட மிக உயர்ந்த தகைவு வேண்டும். நுனிப்பக்கத்திலோ மெதுவாக நகரும் இரத்தத்தில் ஃபைப்ரின் உறைவு வளர இடம் கிடைக்கிறது. பம்பின் வேகத்தை மேலும் கூட்டினால், மெல்லிய சிரைச்சுவர் துளைகளின் மேல் ஒட்டிக்கொள்ளும், குழாய் அதிரும், ஓட்டம் கூடுவதற்குப் பதில் குறையும்.

உறைவைத் தடுக்க ஹெப்பாரின் கொடுக்கப்படுகிறது. அதன் விலை இரத்தக்கசிவு. கடும் சுவாசச் செயலிழப்பு நோயாளிகள் 249 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான எயோலியா ஆய்வில், இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக் கசிவு ஏற்பட்டவர்கள் எக்மோ பிரிவில் 46 விழுக்காடு, மற்றப் பிரிவில் 28 விழுக்காடு. இந்த வேறுபாடு முழுவதையும் வடிகுழாயின் மேல் சுமத்த முடியாது. ஆனால் இரத்தம் தேங்காத குழாய் கிடைத்தால், ஹெப்பாரின் அளவைக் குறைப்பதற்கு ஒரு தடை விலகும்.

எங்கிருந்து எடுக்கிறோம்?

தொடைச் சிரை வழியே செலுத்திய குழாயின் நுனி வலது மேலறையில் இருந்தாலும், இரத்தத்தைப் பெரிதும் எடுப்பவை கீழ்ப்பெருஞ்சிரையில் இருக்கும் துளைகள். நுரையீரலுக்கு மட்டும் உதவும் சிரை-சிரை முறையில், ஆக்சிஜன் ஏறிய இரத்தம் மேலறைப் பக்கமாகத் திரும்பி வருகிறது. ஆகவே வடிக்கும் துளைகள் விலகியிருப்பது நன்மைதான். ஏற்றிய இரத்தமே மீண்டும் பம்புக்குப் போவது குறையும். இதயத்துக்கும் உதவும் சிரை-தமனி முறையில் கதை மாறுகிறது. மேற்பெருஞ்சிரையின் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் வடிக்கப்படாமல் நின்றால், அது பழுதான நுரையீரல் வழியே சென்று மூளைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேரும். அங்கே மேற்புறத் துளைகள் வேலை செய்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே குழாயைப் பயன்படுத்தும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இதுவே தக்க காரணம்.

இரு மறுப்புகள்

பல துளைகள் இருப்பதே ஒரு காப்பு, சில அடைபட்டாலும் மற்றவை எடுக்கும் என்பது முதல் மறுப்பு. இது நியாயமானது. ஆகவே துளைகளை வெறுமனே குறைப்பது தீர்வாகாது. பம்புப் பக்கம் சிறியனவாகவும் அரிதாகவும், நுனிப்பக்கம் பெரியனவாகவும் படிப்படியாக அமைப்பதும், விளிம்புகளை மழுக்குவதும் ஏற்ற வழி. மொத்த அழுத்த வீழ்ச்சி சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிறு இழப்புக்கு ஈடாகத் தேக்கம் குறைகிறது.

துளைவாரியான ஓட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பெரும்பாலும் சிரையை விறைத்த குழாயாகவே கொள்கின்றன என்பது இரண்டாவது மறுப்பு. இதுவும் சரியே. ஆனால் தண்ணீரை ஓட்டிப் பெறும் அழுத்த வரைபடங்கள் உண்மையிலிருந்து இன்னும் விலகியவை. இரத்தத்தின் பாகியல் தண்ணீரைப்போல் மூன்று நான்கு மடங்கு. அதே வேகத்தில் தண்ணீரின் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். சுருங்கி விரியும் சிரை மாதிரியில், இரத்தத்தை ஒத்த பாகியலுள்ள திரவத்தை ஓட்டிச் சோதிப்பது இரு குறைகளையும் தீர்க்கும்.

முடிவு

குறைந்த அழுத்த வீழ்ச்சி தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை அன்று. வடிகுழாய் தயாரிப்பாளர்கள் அழுத்த வரைபடத்தோடு மூன்று தகவல்களையும் வெளியிட வேண்டும்: ஒவ்வொரு துளை வரிசையும் எடுக்கும் பங்கு, இரத்தம் தேங்கும் பகுதிகள், சிரை சுருங்கும்போது குழாயின் நடத்தை. புறச்சுழற்சிக் குழாய்களுக்கான ஐ.எஸ்.ஓ. 18193 போன்ற தரநிலைகள் இவற்றைக் கட்டாயமாக்கலாம். தீவிர சிகிச்சை மருத்துவர் பிரெஞ்சு எண்ணை மட்டும் பார்த்துக் குழாயைத் தேர்ந்தெடுக்கும் நிலை அப்போதுதான் மாறும்.