கரைந்து போகும் குழாய்

பத்துமலைக் குகையைக் குடைந்தது உளியன்று, மழைநீர். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் சிறுகச் சிறுகக் கரைத்து உண்டாக்கிய இடம் அது. பழங்குடி மக்கள் முன்பே அறிந்திருந்த அக்குகைகள், அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹோர்னடே 1878-ஆம் ஆண்டில் வந்து பார்த்த பிறகு வெளியுலகில் பெயர் பெற்றன. அதே 1878-இல் எட்வர்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க மருத்துவர், இரத்தக் குழாய்களை மக்னீசியக் கம்பியால் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தினார். அந்தக் கம்பி உடலுக்குள்ளேயே கரையக் கூடியது. இன்று நாம் பார்க்கப் போவது அந்த உலோகத்தின் வரலாறுதான்.

மக்னீசியம் அலுமினியத்தைவிட இலேசானது. நாம் உண்ணும் கீரையிலும் பயறிலும் அதன் உப்பு உண்டு. உடலுக்கு அது அந்நியமன்று. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் எர்வின் பாயர் என்ற மருத்துவர் 1900-ஆம் ஆண்டையொட்டி, மக்னீசியக் குழாய்களைக் கொண்டு இரத்தக் குழாய்களை இணைக்க முயன்றார். தொல்லையெல்லாம் அது கரையும் வேகத்தில்தான். 1906-இல் பெல்ஜிய மருத்துவர் லம்போட், முறிந்த காலெலும்பில் மக்னீசியத் தகட்டை வைத்து எஃகு ஆணியால் இறுக்கினார். ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் மின்கலம் போலாகி, ஒன்று விரைந்து அரிக்கும். எட்டே நாளில் தகடு சிதைந்தது. தோலுக்கடியில் வாயு சேர்ந்தது. எலும்பு கூடவோ பல வாரங்கள் ஆகுமே! துருப்பிடிக்காத எஃகு வந்ததும் மருத்துவ உலகம் மக்னீசியத்தை ஏறக்குறைய மறந்தது.

ஆனால் நிலைத்து நிற்பதும் சில இடங்களில் தொல்லையே. குழந்தையின் இரத்தக் குழாய் அடைபடாதிருக்க 'ஸ்டென்ட்' என்னும் எஃகு வலைக்குழாயை வைத்தால், குழந்தை வளரும், எஃகு வளராது. 2005-இல் ஜெர்மன் மருத்துவர்கள், குறைமாதக் குழந்தையொன்றின் நுரையீரல் இரத்தக் குழாயில் மக்னீசிய ஸ்டென்ட் பொருத்தியதை வெளியிட்டார்கள். நான்கு மாதக் கண்காணிப்பில் உலோகம் கரைந்து முடிந்தது. இரத்தம் தடையின்றி ஓடியது.

அத்தகைய குழாயைச் செய்வதுதான் பெரும்பாடு. பொற்கொல்லர் தங்கக் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பெரிய துளையில் நுழைத்து இழுப்பார். பிறகு அடுத்த சிறிய துளை. இடையிடையே நெருப்பில் காட்டி இளக்குவார். தங்கம் பணிந்து போகும். மக்னீசியமோ குளிர்ந்த நிலையில் இழுத்தால் வெடித்துவிடும்; அதன் அணு அடுக்குகள் சில திசைகளில் மட்டுமே எளிதாக வழுக்கும். எனவே இட்ரியம் போன்ற உலோகங்களைக் கலந்து, நல்ல சூட்டில், இடியாப்பம் பிழிவதுபோல் குழாயாகப் பிழிகிறார்கள். பின்பு உள்ளே தண்டு வைத்து, துளை துளையாக இழுக்கிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் கொஞ்சமே மெலிய விட வேண்டும்; இடையே மீண்டும் சூடேற்ற வேண்டும். சுவர் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்தால், மெலிந்த புறம் முந்திக் கரைந்து குழாய் முறியும். பொற்கொல்லர் கண்ணும் கையும் கொண்டு பார்த்ததை இங்கே நுண்கருவிகள் பார்க்கின்றன. கடைசியில் லேசர் ஒளியால் குழாயை வலைபோல் வெட்டுகிறார்கள்.

2016-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற 'மேக்மாரிஸ்' ஸ்டென்டின் வலையிழை 0.15 மில்லிமீட்டர் தடிப்பு. இதயக் குழாயில் வைத்தால் அதன் மக்னீசியம் ஏறக்குறைய ஓராண்டில் கரைகிறது.